கண் மூடாத ஒரு படம்

ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கிய முதல் ஒரு மாதம் நான் எடுத்ததெல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுச் சுவரைத்தான் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. படத்தின் ஓரங்களில் கூர்மை குறைகிறதா என்று பார்க்கச் செங்கல் சுவரே உத்தமம் என்று எங்கோ படித்துவிட்டேன். காலையில் ஒரு முறை, மாலை வெயிலில் ஒரு முறை, ட்ரைபாடில் வைத்து ஒரு முறை. பிறகு இடது மூலைச் செங்கல்லையும் வலது மூலைச் செங்கல்லையும் கணினியில் பெரிதாக்கி ஒப்பிட்டு, நிறை, குறை, விலைக்குத் தகுமா என்று ஒரு நோட்டில் எழுதுவேன். ஐம்பதைத் தாண்டிய ஸ்டோர்ஸ் குமாஸ்தா வேறென்ன செய்வான்? வந்த பொருளைச் சரிபார்த்துப் பதிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் ஒருவன் சுவரை இத்தனை சிரத்தையாகப் படம் எடுத்தால் அவன் பராமரிப்புப் பிரிவு ஆளாகத்தான் இருக்க முடியும். பிளாக்கில் செய்தி பரவி, வருகிறவர் போகிறவரெல்லாம் எனக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவர்தான் வெல்டர். பின்தெருவில் குடியிருந்தார், மைன்ஸில் கன்வேயர் பகுதியில் வேலை. சைக்கிளைவிட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி, "சார், எங்க வூட்டுக்கும் சேத்து வெள்ளையடிக்க எழுதிக்கங்க" என்றார். நான் கேமராவைச் சோதிக்கிறேன் என்று விளக்கினேன். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செவுரு எங்கயும் ஓடிடாதுங்களே சார். அத புடிக்கவா இவ்ளோ பெரிய மிஷினு?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்ண மூடற ஆள எடுக்குமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவருடைய வியாதி எனக்குத் தெரியவந்தது. முகமூடியை இறக்க நேரமில்லாமல் இரும்பைச் சின்னச் சின்னப் புள்ளியாகப் பற்றவைக்கும்போது, பொறி பறப்பதற்கு ஒரு கணம் முன்பே கண்ணை மூடிக்கொள்வது வெல்டர்களின் பழக்கம். முப்பது வருடத்தில் அது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. எதிரில் எவனாவது விரலை அசைத்தால் போதும், இமை இறங்கிவிடும். கல்யாணப் படத்திலும் மூடிய கண், அடையாள அட்டையிலும் மூடிய கண். இருபத்தைந்து வருட சர்வீஸ் முடிந்தபோது கூட வேலை பார்ப்பவர்கள் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் கண் மூடிய முகம், சுற்றிலும் பூ அலங்காரம், கீழே கைகூப்பிய நண்பர்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்த அவருடைய சித்தி வாசகத்தைப் படிக்கவில்லை. அங்கேயே இறங்கி ஒரு மாலையை வாங்கிக்கொண்டு, மாரில் அடித்தபடி வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் வெல்டர்.

"அடுத்த மாசம் ரிட்டயர்மெண்ட் சார். வேணாம்னாலும் பசங்க பிளெக்ஸ் வைப்பானுங்க. சித்தியாவது கல்லு மாதிரி. இந்த வாட்டி ஃபங்ஷனுக்கு எங்கம்மா வருது. நெஞ்சுவலிக்காரி. பஸ்ஸுல வந்துகினே பாத்துச்சின்னா அவ்ளோதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சைக்கிள் பிரேக்கைப் பிடித்திருந்த கை மட்டும் தளரவில்லை.

எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. மனிதக் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் வைக்கும் என்பதுதான் இந்தக் கேமராவின் தலையாய பெருமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை எங்கள் வாசலில் நிற்கவைத்தேன். திரையில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் அவர் கண்மேல் போய் உட்கார்ந்தது. விரலை வைத்தேன், இமை இறங்கியது. கண்ணிமைக்கும் நேரத்தில் இருபது படம் எடுக்கும் வசதியைப் போட்டேன். இருபதிலும் மூடிய கண், இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கலாம்போல அத்தனை துல்லியம். லென்ஸின் கனத்தில் என் மணிக்கட்டு வலித்தது. முதல் பேட்டரி தீர்ந்தது. "விடுங்க சார், மிஷின் மேல தப்பில்ல" என்று அவரே என்னைத் தேற்றினார்.

கடைசி முயற்சியாக, சத்தமே இல்லாமல் எடுக்கும் வசதியைத் தேடினேன். பழைய கேமராக்களில் உள்ளே ஒரு கண்ணாடி தடதடவென்று எழும்பி இறங்கும். இதில் அது கிடையாது. அந்த வசதியை மெனுவில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. இதைக் குறைப் பகுதியில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, செல்போனிலிருந்து இயக்கும்படி வைத்துவிட்டு, "இருங்கண்ணே, டீ சொல்றேன்" என்று உள்பக்கம் திரும்பினேன்.

பின்னால் ஒரு குரல் வெடித்தது. "சார்! இந்த கேட்ட எவன் அடிச்சான்?"

ஆறு மாதம் முன்பு ஒரு பட்டறையில் சொல்லி நான் மாட்டிய இரும்பு கேட். அதன் இணைப்பொன்றில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நான் பேண்ட் பையில் கைவிட்டுச் செல்போன் பட்டனை அழுத்தினேன். "இது வெல்டிங்கா சார்? கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கு! காசு குடுத்தீங்களா இதுக்கு?" தொழில் தெரிந்தவனின் கோபம் முழுவதும் அந்த இரண்டு கண்களில் திறந்து நின்றது. கேமரா அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

பிளெக்ஸ் கடைக்காரர் என் பிரம்மாண்டமான படக் கோப்பைத் திறக்கக்கூட இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றார். ஃபுல் ஃபிரேமின் மதிப்பு குறித்து நான் எழுதிவைத்திருந்த ஒரு முழுப் பக்கம் அங்கேயே அடிபட்டுப் போனது. ஆனால் விழா அன்று வெல்டரின் அம்மா பஸ்ஸிலிருந்து நிதானமாக இறங்கி, பிளெக்ஸின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, மகனின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்துவிட்டுப் பந்திக்கு நடந்தார். என் நோட்டில் மதிப்பெண் போடும் இடத்தில் இதை எப்படிப் பதிவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதே படத்தைச் சட்டம் போட்டு அவருக்குப் பரிசாகவும் கொடுத்திருந்தேன். போன மாதம் சேத்தியாத்தோப்புப் பக்கம் அவர்கள் கட்டியிருக்கும் புது வீட்டுக்குப் போனபோது கண் தானாக அதைத் தேடியது. கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வெல்டரின் மனைவி காபியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"மாட்டித்தான் வச்சிருந்தேன் சார். சோத்துல கை வச்சா மொறைச்சிகினே இருக்காரு. கழட்டி பீரோவுல வச்சிட்டேன். வூட்ல ஒருத்தரு மொறைச்சா போதாதுங்களா?"