மேன்ஹோலுக்கு வெளியே ஒரு ஆள்

பாய்லர் பராமரிப்பில் இருக்கும் உங்களுக்குத் தெரியும்: தவறே நடக்காத வருஷத்தில் "இவன் எதற்கு?" என்பார்கள், நடந்துவிட்டால் "இவன் எங்கே?" என்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள், சாத்தூர் பக்கம் ஒரு எண்ணெய் மில்லில், இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் பாய்லரைச் சுத்தம் செய்து சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்தவை இவை.

வால்வைத் தூக்கிய காலை

ஆவி அளவுக்கு மிஞ்சினால் தானாகத் திறந்து வெளியேற்ற சேஃப்டி வால்வு உண்டு. முதல் வருஷம் அதைச் சோதிக்க லீவரைத் தூக்கினேன். டமாரென்று ஆரம்பித்துக் காதைக் கிழித்தது. கடலை பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடினார்கள். "ஆவிதாம்மா, ஒண்ணுமில்லே" என்று நான் கத்தியது யாருக்கும் எட்டவில்லை.

அவர்களில் செல்லத்தாய் மட்டும் வாசலில் நிற்கவில்லை. செருப்பில்லாமல் அச்சங்குளம் ரோட்டில் ஓடியிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து யாரோ மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பாதமெல்லாம் ரத்தம். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை.

"எம் மக அச்சங்குளத்துல பட்டாசு செய்யிற பயர் ஆபீஸ்ல மருந்து செலுத்துறா. சத்தம் எங்கன கேட்டாலும் எனக்கு அங்கன கேட்ட மாதிரிதான் இருக்கும். இனிமே சொல்லிட்டுத் தூக்குங்கண்ணே."

கூப்பிட்ட குரல்

உப்புத் தண்ணீர் ஊர். பாய்லருக்குள் குழாய்கள் மேல் உப்பு ஓடு மாதிரிப் படிந்துவிடும். தீயை அணைத்து, இரண்டு நாள் ஆறவிட்டு, மேன்ஹோல் என்கிற துவாரம் வழியாக உடம்பை நுழைத்து, படுத்தபடியே தட்டி எடுக்க வேண்டும். கூப்பிட்டால் குரல் கொடுக்க வெளியே ஒரு ஆள் இருந்தாக வேண்டும். இரண்டாம் வருஷம் அப்படி உட்கார்ந்தவர் பாய்லர் ஆபரேட்டர் கருப்பசாமி அண்ணாச்சி. ஐம்பது வயது இருக்கும்.

உள்ளே என் கைவிளக்கு அணைந்தது. கூப்பிட்டேன். பதிலில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அப்போதும் இல்லை. மூச்சு முட்ட, துவாரத்து வெளிச்சத்தைப் பார்த்துத் தவழ்ந்து வந்தேன். ஒரு முழத் தூரத்தில் அண்ணாச்சி அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

வருஷக்கணக்காக பாய்லர் இரைச்சலில் நின்று காது போயிருந்தது. உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அலாரம் அடிக்கும். அது கேட்காத ஆள் அங்கே நிற்கக் கூடாது. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் மேனேஜரிடம் சொன்னேன். அண்ணாச்சியை உமி அள்ளும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என் முன்னால் வந்து நின்றார்.

"எங் காது போனது எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. நீங்க ஊருக்கே சொல்லிட்டீக."

கயிறு

அடுத்த வருஷம் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் உள்ளே இறங்கத் தயாரானபோது புது ஆபரேட்டரை மேனேஜர் வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். ஆளில்லாமல் நின்றேன்.

அண்ணாச்சி கயிற்றோடு வந்தார். ஒரு முனையை என் கணுக்காலில் கட்டினார், மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். எனக்குத் தயக்கம்தான். காலை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். உடனே பதிலுக்கு இழுத்தார். இறங்கினேன். மத்தியானம் வெளியே வரும்வரை நான் காலை இழுத்தபோதெல்லாம் பதில் வந்தது. அவர் மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று உதடு தெரிய மெதுவாகச் சொன்னேன்.

"காதுதான் போச்சு தம்பி. கை நல்லாத்தான் இருக்கு."

பாய்லருக்கு வருஷாவருஷம் சர்டிபிகேட் கொடுக்கிறார்கள். அதற்குள் போய்வருகிற நாம், வீடு வந்து சேர்ந்தால் பாஸ் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.