வட்ட மட்கார்டு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் எட்டயபுரம் சாலை நெடுகத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், வற்றல் காயப்போடுகிற சாக்கில் நானும் அக்காவும் பாதி நாள் அங்கேதான் கிடப்போம். கரிசல் வெடித்துக் கிடக்கும் கோடையில், தூரத்தில் வருகிற டிராக்டருக்குச் சக்கரமே இருக்காது. கானலில் மிதந்துதான் வரும். அது தரையைத் தொடுவதற்குள் என்ன மாடல் என்று சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு வேறென்ன வேலை?

எங்கள் பக்கம் ஓடியதில் முக்கால்வாசி சிவப்பு வண்டிகள். பழைய மாடலும் அதற்கு அடுத்து வந்ததும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பழசுக்கு உருண்டை மூக்கு. விளக்குகள் காதுபோல வெளியே நிற்கும். அடுத்ததற்குச் சதுர மூஞ்சி. விளக்குகள் உள்ளே போய்விட்டன. என்ஜினை மூடுகிற பானெட்டை மாற்றினால் ஏமாந்துபோகலாம். மட்கார்டை யாரும் மாற்ற மாட்டார்கள். பழசில் அது பெரிய டயரின்மேல் வட்டமாக வழுக்கிக்கொண்டு போகும். புதுசில் மேல்பக்கம் தட்டை, ஆள் ஏறி உட்காரலாம். அக்கா இதில் ஒருநாளும் தவறியதில்லை.

மனிதர்களிடம்தான் கணக்குத் தவறிவிட்டது. மாப்பிள்ளைக்கு நல்ல வேலை என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொண்டு போனார்கள். வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பி வந்துவிட்டாள். இனி மாப்பிள்ளை வாயில் ஒரு பொய் வந்தாலும் அந்த இடம் வேண்டாம் என்று அப்பா ஒரே பிடியாக இருந்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் டிராக்டரிலேயே வந்தார்கள். டிரெய்லரில் சொந்தக்காரர்கள், ஓட்டி வந்தவர் மாப்பிள்ளை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்து, பின்னால் இருந்த பெண்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கனவில் வருகிறவர்போல மெல்ல வந்தார். எனக்குப் பிடித்துவிட்டது. அதனால்தான் பயமாக இருந்தது.

"சதுர மூஞ்சி," என்றேன் மாடியில் நின்றபடி.

அக்கா கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்த்தாள். "மட்காடு வட்டமால்லா இருக்கு. ஏட்டி, பழசுக்குப் பானெட்ட மாத்தியிருக்காவ."

காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன். மாப்பிள்ளையின் சித்தப்பா, "வண்டி புது மாடலாக்கும் அண்ணாச்சி," என்றார். அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். "அப்படியா தம்பி?"

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். "இல்ல மாமா. பழைய பானெட்டு துருப்பிடிச்சு ஓட்டையாயிட்டு, அத மட்டும் மாத்துனேன். வண்டி பழசுதான். மட்காட்டப் பாருங்க, ஒரு ஆளு உக்கார முடியாது."

சித்தப்பா மோட்டுவளையைப் பார்த்தார். அப்பா, அக்கா திரும்பி வந்தபிறகு முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

கல்யாணம் முடிந்து, அவர் வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் புறப்பட்டபோதுதான் கவனித்தேன். இடதுபக்க மட்கார்டின்மேல் தட்டையாக ஓர் இரும்புத் தகடு பற்றவைத்திருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் இருந்தது.

"எப்பம் வச்சீங்க?"

"நிச்சயம் பண்ணுன மறுநாளே. ஏறி உக்காரு."

உட்கார்ந்தேன். வழியெல்லாம் கானல். எங்களுக்குக் கீழே சக்கரம் இருந்ததா என்றே தெரியவில்லை.

மாடியில் அக்கா கண்ணுக்குமேல் கை வைத்து நின்றிருந்தாள். வண்டி வாசலுக்கு வந்தபிறகும் கையை எடுக்கவில்லை.

"ஏட்டி, இது என்ன மாடலு? எனக்குப் பிடிபட மாட்டேங்குதே!"

நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.