அடிவரை போகும் திரி

“எந்தக் கம்பெனியில?”

ஜெபமாலை அக்கா இறந்துவிட்ட செய்தி பள்ளி வேனுக்குள் வந்ததும் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்டார்கள். நம் ஊரில் நாற்பது வயதுக்குள் ஒருவர் இறந்தால் வேறெதுவும் தோன்றுவதில்லை. பட்டாசுக் கம்பெனி விபத்து இல்லை, மஞ்சள் காமாலை என்று சொல்லிச் சொல்லி எனக்குக் கோபமே வந்தது. அவரைப் பற்றிக் கேட்க வேறு எவ்வளவோ இருந்தன.

எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிகளுக்குத் திரி சொருகும் வேலை. அவர் கணவர் அந்தோணி அண்ணன் ஆலை விபத்தில் போனவர். அவர் கல்லறை தோட்டத்துச் சுவர் ஓரம், கடைசி வரிசையில். இறந்தவர்களுக்காகக் கொண்டாடும் கல்லறைத் திருநாளன்று பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அங்கே வருவதற்குள் கடையில் வாங்கிய மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துவிடும்.

“எல்லாருக்கும் வெளிச்சம் இருக்கு, அவுகளுக்கு மட்டும் இல்ல பிள்ள. வருசா வருசம் இதே கூத்து. நானே செய்யப் போறேன்” என்றார் ஒருநாள். நான் நூலகத்தில் செய்முறை தேடிப் படித்துக்கொண்டு போனேன். மெழுகை நேரடியாகத் தீயில் வைக்கக்கூடாது, கொதிக்கும் தண்ணீருக்குள் டப்பாவை வைத்து உருக்க வேண்டும் என்று வாசித்தேன். அக்கா சிரித்தார். “தீக்குப் பக்கத்துல எத வைக்கணும், எத வைக்கக்கூடாதுன்னு எனக்கா பாடம் நடத்துத?”

திருநாளுக்கு மறுநாள் கல்லறைகளில் மிஞ்சிக் கிடக்கும் மெழுகுத் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தார். அச்சகத்தில் கழித்த காலண்டர் தாளைச் சுருட்டி அச்சுக் குழாய் செய்தார். உள்ளே எண்ணெய் தடவினார். முதல் மெழுகுவர்த்தி மணிக்கட்டுப் பருமனில் அழகாக வந்தது.

அந்த வருடத் திருநாளன்று கல்லறையில் ஒரு விரற்கடை எரிந்து அணைந்தது. மறுபடி ஏற்றினால் பிடிக்கவில்லை. உடைத்துப் பார்த்தோம். திரி மேலே மட்டும்தான் இருந்தது! வெடிக்குச் சொருகுவதுபோல, குழாயின் வாயில் மட்டும் சொருகியிருந்தார். ஊற்றும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். விடுமுறையெல்லாம் வெடித்திரி பார்த்தே வளர்ந்த எனக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

அவருடைய மதினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏ ஜெபமால, தள்ளி நில்லு, வெடிச்சிரப் போகுது!”

“வெடிக்க வேண்டியது எல்லாம் வெடிச்சு முடிஞ்சிட்டு மதினி” என்றார் அக்கா. மதினி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த வருடம் குழாயின் அடியில் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்து, நூலை அதில் முடிந்து, மேலே இழுத்துக் கட்டிவிட்டு ஊற்றினோம். ஞாயிறுதோறும் மேசை விசிறியின் முன்னால் ஏற்றிப் பார்த்தோம். திரிக்கு மூன்று இழை நூல் போட்டால் அணைந்தது. ஆறு இழை கரியாய்ப் புகைந்தது. எனக்குச் சலித்துவிட்டது. “போதும்க்கா, கண்ணாடிக் கூண்டு வாங்கி மூடிருவோம்” என்றேன்.

“கூண்டு எல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரம் அவுக முன்னால நின்னு எரியணும். அம்புட்டுதான் நான் கேக்கேன். நாலு இழை போட்டுப் பாப்போம், விசிறியக் கூட்டு.”

நான்கு இழை நின்று எரிந்தது.

போன வருடம் சாமியார் கடைசி வரிசைக்கு வந்தபோது அது எரிந்துகொண்டிருந்தது. “பாத்துத் தெளிங்க சாமி, அணைச்சிராதீக” என்று அக்கா கையை விரித்து மறைத்ததையும், சாமியார் சிரித்துவிட்டு இரண்டே துளி தெளித்ததையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கூட்டம் கலைந்த பிறகும் அது எரிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மதினி ஒரு சாக்குப்பையை என்னிடம் தந்தார். உள்ளே ஏழு குழாய்கள். எல்லாவற்றிலும் நான்கு இழை நூல் கட்டியிருந்தது. மெழுகு மட்டும் ஊற்றவில்லை. காய்ச்சல் தொடங்கிய வாரத்தில் கட்டியிருக்கிறார்.

இனி அவை என்னுடையவை. அண்ணனுக்கும் அக்காவுக்குமாகச் சுவர் ஓரத்தில் இந்த வருடம் இரண்டு எரிய வேண்டும். மெழுகு இருக்கிறது, விசிறியும் இருக்கிறது. ஊற்றுவதற்கு முன் அக்கா எப்போதும் சொல்வார்: “அடி முடிச்ச இழுத்துப் பாரு பிள்ள.” ஏழையும் திருப்பி இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அவிழவில்லை.