எடைக்கு மூன்றாம் இடம்

ஒன்பது வருஷமாக எனக்கு ஒரு குறை உண்டு. எங்கள் காபிக் கிடங்கில் கம்ப்யூட்டரைத் திறந்தால் மேலே ஒரு பட்டை வரும். அதில் கோப்பு, திருத்து, எடை, ஈரம், சீட்டு, உதவி என்று ஆறு சொல் வரிசையாக நிற்கும். எங்கள் பிழைப்பே எடை போடுவது. மலையிலிருந்து இறங்கும் மூட்டையைத் தராசில் ஏற்றி, எத்தனை கிலோ என்று பதிந்து, சீட்டுக் கொடுத்து அனுப்புவது. அப்படியிருக்க எடைக்கு மூன்றாம் இடம். முதல் இடம் கோப்புக்கு. சாயங்காலம் மூடுவதற்குத் தவிர அந்தக் கோப்பை நான் தொட்டதே இல்லை. ஆரம்பத்தில் அதற்குக்கூடத் தொடாமல்தான் இருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் புரோகிராமை எழுதியவள் கைன்சா. அவளிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"உலகம் பூரா கோப்புதான் முதல்ல நிக்கும் அண்ணே. எந்தப் புரோகிராமைத் திறந்தாலும் கை தானா அங்கதான் போகும்" என்றாள்.

"உலகம் பூரா காபி மூட்டை தூக்குதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

சிரித்தாள். கடைசிவரை மாற்றவில்லை.

கைன்சாவின் அப்பா பால் லாரி ஓட்டியவர். இம்பாலே ஊரில் பிறந்து, தலைநகர் கம்பாலா போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். அங்கேயே ஓர் ஆபீசில் நாலு வருஷம் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஏதோ பழுது பார்க்க ஒரு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நர்சம்மா ஒருத்தி, கண்ட இடத்தில் கிளிக் ஆகிவிடக் கூடாதென்று திரையில் பாதி மெனுவை மறைத்துக் காகிதம் ஒட்டி வைத்திருந்தாளாம். "அந்தக் காகிதத்தைப் பாத்ததும் எனக்கு வெக்கமாப் போச்சு அண்ணே. மறைச்சு வச்சிருந்தது அத்தனையும் நான் எழுதினது" என்று என்னிடம் சொன்னாள். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, குமி ரோட்டில் ஆணிக்கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் தனியாக எழுத ஆரம்பித்தாள்.

எங்கள் காபி விவசாயிகள் சங்கத் தலைவர் வொனியாலா புதுக் கம்ப்யூட்டரோடு அவளையும் கூட்டிவந்தபோது அறுவடை தொடங்கப் பத்து நாள் இருந்தது. நான் இருபத்திரண்டு வருஷமாகத் தராசுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிற ஆள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். வொனியாலா எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கூட்டோசி, அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை கமிட்டி வருது. காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நீ ஒருத்தனா இதை ஓட்டிக் காட்டணும். ஓட்டிட்டா நம்ம சங்கத்து ஏழு கிடங்குக்கும் இதுதான். இல்லேன்னா டிப்ளமா படிச்ச ஆளை அந்த நாற்காலியில உக்கார வைக்கணும். வேற வழி இல்ல."

செயலாளர் கிடுடுவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். "டிப்ளமாவுக்கு நான் இப்பவே ஆள் பாத்து வச்சுடறேன்" என்றான்.

கைன்சா மறுநாளே வந்தாள். தன் கணினியைக் காபிச் சாக்குத் துணியில் சுற்றி, வாடகை மோட்டார் சைக்கிளில் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. வந்ததும் எனக்கு ஏதாவது சொல்லித் தருவாள் என்று பார்த்தால், ஒன்றும் சொல்லவில்லை. என் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு கை வறுத்த நிலக்கடலையை வைத்துக்கொண்டாள்.

"ஓட்டுங்க அண்ணே."

"எப்படி ஓட்டறது?"

"அதைத்தான் நான் பாக்க வந்தேன்."

என் கை தப்பான மெனுவுக்குப் போனால் ஒரு கடலையை எடுத்து மேஜை ஓரத்தில் வைப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன தங்கச்சி, என் தப்பை எண்ணிக்கிட்டிருக்கியா?"

"உங்க தப்பு இல்ல, என் தப்பு. உங்க கை அங்க போகுதுன்னா நான் அதை அங்க வச்சிருக்கணும்."

சாயங்காலம் அந்தக் கடலை முழுவதையும் அவளே தின்பாள். முதல் நாள் முப்பத்தொன்று. "இன்னிக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

இரண்டாம் நாள் சீட்டு மெனுவைத் திறந்தேன். உள்ளே எல்லா வரியும் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. காபித் தூசிதான் படிந்திருக்கிறது என்று துணியை ஈரமாக்கித் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். பின்னால் மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் கைன்சா சட்டைக் கையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லு."

"எடை பதியாம சீட்டு அச்சடிக்க முடியாதுல்ல அண்ணே. அதுவரைக்கும் அந்த வரியைத் தூங்க வச்சிருக்கேன். எடை பதிஞ்சதும் தானா முழிச்சுக்கும்."

"தூங்குதுன்னா எழுதி வைக்க வேண்டியதுதானே. நான் பாவம் அதுக்கு முகம் கழுவி விட்டுக்கிட்டிருக்கேன்."

ஒரு கடலை வைத்தாள். ஆனால் மறுநாள் வந்து பார்த்தால், அந்த மங்கலான வரிக்குப் பக்கத்தில் 'முதலில் எடை' என்று சின்னதாக எழுதியிருந்தது.

இன்னொரு நாள் காலையில் புரோகிராமைத் திறந்ததும், நான் எதையும் தொடாமலே அச்சு எந்திரம் கடகடவென்று ஒரு வெற்றுச் சீட்டைத் துப்பியது. பிறகு நான் அச்சடி என்று கிளிக் செய்தால் ஒன்றுமே வரவில்லை. பேய் பிடித்துவிட்டது என்று வாசலில் நின்ற சுமைக்காரர்கள் விலகி நின்றார்கள். கைன்சா தான் எழுதியதைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மெனுவில ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் ஒரு வேலையோட பேரைக் கட்டி விடணும் அண்ணே. தொட்டா அந்த வேலை நடக்கும். நான் பேரைக் கட்டாம, கட்டும்போதே வேலையைச் செஞ்சிட்டுக் கட்டிட்டேன். ரெண்டே ரெண்டு அடைப்புக்குறி அதிகமாப் போச்சு."

"அதாவது, ஆளை வேலைக்கு வைக்கப் போன இடத்தில அவன் வேலையை நீயே செஞ்சுட்டு, வெறுங்கையோட திரும்பி வந்திருக்க."

"அப்படியேதான்!" என்று என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். அன்றைக்கு அவளே தனக்கு மூன்று கடலை வைத்துக்கொண்டாள்.

கடலை குறைந்துகொண்டே வந்தது. பதினான்கு, ஒன்பது, நாலு. புதன்கிழமை ஒன்றுகூட இல்லை. கிளம்பும் நேரத்தில்தான் கேட்டாள்: "சாயங்காலம் இதை எப்படி மூடறீங்க?"

"சுவிட்சுல."

"எந்தச் சுவிட்ச்?"

சுவரைக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "வெளியேறுன்னு ஒண்ணு கோப்புக்குள்ள இருக்கு அண்ணே" என்றாள்.

"அதை அங்க ஒளிச்சு வச்சா எனக்கெப்படித் தெரியும்? நான்தான் அந்த வீட்டுப் பக்கமே போறதில்லையே."

பையில் மிச்சமிருந்த கடலை எல்லாவற்றையும் மேஜையில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை. கமிட்டி எட்டுப் பேர் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாசலில் கழுதையோடும் தலைச்சுமையோடும் நாற்பது பேர் வரிசை. மழை வருகிற மாதிரி இருந்ததால் எல்லாருக்கும் அவசரம். வொனியாலா கைன்சாவைப் பார்த்து, "நீ வாயைத் திறக்கக் கூடாதும்மா. திறந்தா கூட்டோசி தோத்ததாக் கணக்கு" என்றார். அவள் தலையாட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கடலை.

நாலு மூட்டை நன்றாகப் போனது. எடையைத் திற, புது எடையைத் தொடு, தராசு காட்டும் எண்ணைத் தட்டு, சீட்டைத் திற, அச்சடியைத் தொடு. ஐந்தாவது மூட்டையில் என் உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கிவிட்டது. எடை மெனுவின் உச்சியில், எல்லா வரிக்கும் மேலே, புள்ளி புள்ளியாக ஒரு கோடு உண்டு. அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். கிளிக் அதில் விழுந்தது.

எடை மெனு பட்டையிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. முழுசாக. தனிச் சின்ன ஜன்னலாகத் திரையின் நடுவில் வந்து நின்றது. மூடவில்லை, மறையவில்லை. செத்த மீன் தண்ணீரில் மிதக்கிற மாதிரி மிதந்தது.

கிடுடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். "ஐயா, இவன் அதைப் பிச்சிட்டான்!"

"என்னய்யா பிச்சிட்ட?" என்றார் வொனியாலா.

"மெனுவைங்க. நான் அப்பவே சொன்னேன், நாலாம் வகுப்புன்னு."

இருபத்திரண்டு வருஷ நாற்காலி என் அடியிலிருந்து நழுவுகிறது. திரும்பிக் கைன்சாவைப் பார்த்தேன். அவள் ஒரு கடலையை எடுத்து மெதுவாக மேஜை ஓரத்தில் வைத்தாள்.

வாசலில் ஒரு பெண், "மழை வருது, சீக்கிரம் பாருங்கப்பா! நனைஞ்ச காபிய உங்க வீட்டுக்கா கொண்டு வர்றது?" என்று கத்தினாள். அந்தக் கத்தல்தான் எனக்கு வழி காட்டியது. பிய்ந்தது பிய்ந்ததுதான், மூட்டை நிற்கிறதே. மிதக்கிற துண்டின் தலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வந்தது. எண் தட்டும் கட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அதிலிருந்த புது எடையைத் தொட்டேன். வேலை செய்தது! பட்டைக்குப் போய்த் திறக்க வேண்டியதில்லை, மூட வேண்டியதில்லை. தொட்டால் எடை. சீட்டு மெனுவின் தலையிலும் அந்தப் புள்ளிக்கோடு இருந்தது. இந்தத் தடவை வேண்டுமென்றே பிய்த்தேன். இதைக் கட்டத்துக்கு இந்தப் பக்கம், அதை அந்தப் பக்கம். தொடு, தட்டு, தொடு. தொடு, தட்டு, தொடு. மூட்டை தூக்குகிறவர்கள், "மெதுவாப் போடுண்ணே, முதுகு போகுது" என்று கெஞ்சும்படி ஆகிவிட்டது.

முதல் தூறல் விழும்போது வாசல் காலியாக இருந்தது.

வொனியாலா வெளியே எட்டிப் பார்த்தார். "ஆளெல்லாம் எங்கய்யா?"

"போயாச்சு. மூட்டை எல்லாம் உள்ள."

அவர் கைன்சா பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கும்மா அந்தப் பிய்க்கிற ஏற்பாடு. அதை நீதான் யோசிச்சு வச்சியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு அப்போது கையில் வேறு வேலையும் இல்லை. எழுந்து நின்றாள்.

"இல்லீங்க ஐயா. ஜன்னல், பொத்தான், மெனு எல்லாம் ஒரு உதிரிப்பாகப் பெட்டியிலேர்ந்து எடுத்துக் கோக்கறேன். அந்தப் பெட்டியில வர்ற மெனுவுக்கெல்லாம் தலையில அந்தக் கோடு இருக்கும். வேண்டாம்னு நாமதான் சொல்லணும். நான் சொல்ல மறந்துட்டேன். பிஞ்சது அவர் தப்பில்ல, என் மறதி. அதை நல்லதா ஆக்கினது அவர்."

கிடுடு, "அப்ப அடுத்த தடவை கம்ப்யூட்டரையே ரெண்டாப் பிச்சுட்டா இன்னும் வேகமாப் போகுமோ?" என்றான். வொனியாலா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, "நாற்காலி அங்கேயே இருக்கட்டும். ஏழு கிடங்குக்கும் எழுதும்மா" என்றார்.

கைன்சா அந்த ஒற்றைக் கடலையை எடுத்து இரண்டாக உடைத்தாள். பாதி எனக்கு, பாதி அவளுக்கு. மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவி கடலைக் குழம்பில் மூங்கில் குருத்துப் போட்டிருந்தாள். "கடலையா?" என்று கைன்சா ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு ஏழு கிடங்குக்கும் எழுதினாள். புள்ளிக்கோட்டை மற்ற மெனுவிலிருந்தெல்லாம் எடுத்துவிட்டு, எடைக்கும் சீட்டுக்கும் மட்டும் விட்டு வைத்தாள். வருஷா வருஷம் அறுவடைக்கு முன் முக்காலியும் கடலையுமாக வந்து பின்னால் உட்காருவாள். நான் கேட்ட எத்தனையோ மாற்றித் தந்திருக்கிறாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். வெளியேறு என்பதற்குக் கதவுப் படம் போட்டாள். கோப்பு மெனுவை மட்டும் முதல் இடத்திலிருந்து அசைக்கவில்லை. "ஒருத்தர் கையை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டேன்" என்பாள். நானும் விடவில்லை. ஒன்பது வருஷத்தில் அவளைப் பார்த்தபோதெல்லாம் முதல் வார்த்தையாக அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

நேற்றுக் கசேசேக்குப் போய்விட்டாள். நாட்டின் மேற்குக் கோடி. அங்கேயும் மலை, அங்கேயும் காபி. முப்பது கிடங்கு, இரண்டு வருஷ வேலை. போகிற அன்று காலையில் கிடங்குக்கு வந்தாள். சாக்கில் சுற்றிய கணினி மடியில் இருக்க, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கூப்பிட்டாள்.

"கோப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணே. அதுக்குத்தான் வந்தேன். மேல் கிடங்கில நாளையிலேர்ந்து முசாக்கி அக்கா உக்கார்றாங்க. உங்க வயசு. இதுவரைக்கும் மவுஸைத் தொட்டதில்ல. நீங்க போய் அவங்க பின்னால முக்காலி போட்டு உக்காரணும்."

"உக்காந்து சொல்லித் தரணுமா?"

"வாயே திறக்கக் கூடாது. உங்களால முடியுமா?"

"முடியாது."

"முடியணும்." பையிலிருந்து ஒரு கை கடலையை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். "மூட்டை வந்ததும் அவங்க கை முதல்ல எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. கோப்புக்குப் போனா எனக்கு ஒரு கடலை. எடைக்குப் போனா உங்களுக்கு ஒண்ணு. ஒரு வாரம். கடைசியில எண்ணிப் பாத்துப் போன் பண்ணுங்க. உங்க பக்கம் கூட இருந்தா அன்னிக்கே எடையை முதல் இடத்துக்கு மாத்தி அனுப்பறேன். நடுவுல மட்டும் தின்னுடாதீங்க."