ஏழாம் விதியும் எஸ்.எஸ்.ஐ. அடைக்கலமும்

அடைக்கலம் புள்ளி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். ஏழு புள்ளி, ஏழு வரிசை. விபத்து நடந்த இடங்களில் டயர்த் தடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இழுத்துப் பழகிய கை. நேர்க்கோடு பிசகாது, வளைவுதான் வராது.

“என்னண்ணே, இன்னைக்கும் தாமரை முட்டைக்கோஸாயிடுச்சா?” என்பார் எதிர்வீட்டுச் சந்திரம்மாள்.

“ஒங்க வீட்டு வாசல்ல நோ பார்க்கிங் போர்டு வச்சிடுவேன், பாத்துக்குங்க.”

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அவர்கள் வீட்டு வாசல் என்பது தார்ச்சாலையின் ஓரம்தான். மனைவி வள்ளிக்கண்ணு இறந்து வருஷம் திரும்பும்வரை அங்கே கோலம் இல்லை. திவசம் முடிந்த மறுநாள், போக்குவரத்துக் காவலில் சிறப்பு உதவி ஆய்வாளரான அடைக்கலம், ட்யூட்டிக்குக் கிளம்புமுன் மாவுக் கிண்ணத்தோடு வந்து குந்தினார். சென்னையில் வாகனச் சோதனைப் பொறியாளராக இருக்கும் மகள் யாழினி விடுப்பில் வந்திருந்தாள். அவள் தடுக்கவில்லை. ‘நான் போடுகிறேன்’ என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து வரைவு விதிகள் வந்தன. நின்றபடி ஓட்டும் மின்சார ஸ்கூட்டர்களைச் சித்திரை வீதிகளில் ஆறு மாதம் விட்டுப் பார்ப்பதாகத் திட்டம். மார்கழி முதல் தேதி தொடக்கம். இருக்கிற சாலை விதிகளில் அந்த வண்டிக்கு இடமில்லை என்பதால் பதினோரு தற்காலிக விதிகள். ஆய்வாளர் விடுப்பில் இருந்ததால், சம்மதக் கையெழுத்து அடைக்கலத்தின் பொறுப்பு.

அவர் எதையும் பென்சிலோடுதான் படிப்பார். கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி. ஏழாம் விதியில் பென்சில் நின்றது: வண்டி சாலையின் இடது ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் செல்ல வேண்டும்.

“யாழு, ஓரத்துல யாரு இருப்பா?”

“யாரும் இருக்க மாட்டாங்கப்பா. அதனாலதான் ஓரம்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்தது. மார்கழி விடியலில் அந்த ஒரு மீட்டரில்தான் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருப்பார்கள்.

“ரெண்டு வாரமா நானும் ஒக்காருறேன். பின்னாடி சைக்கிள் வந்தாக்கூடத் தெரியல. இது சத்தமே இல்லாத வண்டி.”

மறுநாள் வீதியைப் பார்வையிடத் திட்டப் பொறியாளர் அருள்ராஜ் வந்தார். “மெதுவா போற வண்டிக்கு எல்லா ஊர்லயும் இதான் சார் விதி. இப்ப மாத்தினா தேதி தள்ளிப்போயிடும்.”

“தேதி போனா வேற தேதி இருக்குங்க. ஒரு அம்மாவுக்கு இடுப்பு போச்சுன்னா? இந்தாங்க, ஒரு பூ போடுங்க.” மாவுக் கிண்ணத்தை நீட்டினார்.

அருள்ராஜ் பேன்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு குந்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் கொண்டுவந்திருந்த சோதனை ஸ்கூட்டரை யாழினி அவருக்குப் பின்னாலிருந்து ஓட்டி வந்தாள், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வண்டி தோளை உரசுகிற மாதிரி தாண்டிய பிறகே அவர் தலையைத் திருப்பினார். மாவு மடியில் கொட்டியிருந்தது.

“பூ சரியா வரல போலிருக்கே,” என்றார் சந்திரம்மாள்.

நான்காம் நாள் விதி மாறி வந்தது: அதிகாலை நாலரை முதல் ஏழு வரை நடுச்சாலையில் மட்டும். அதன் பிறகே அடைக்கலம் கையெழுத்துப் போட்டார். மாற்றிய வரியில் யார் பெயரும் இல்லை. யாழினி அதை மூன்று முறை படித்தாள். இத்தனை கச்சிதமாக ஒரு வரியைத் தான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை என்று பட்டது. அம்மா இருந்தால், இது அப்பா மாற்றிய விதி என்று தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள்.

மார்கழி முதல் நாள், ஐந்தரை மணி. இரு ஓரமும் குனிந்த முதுகுகள். முதல் ஸ்கூட்டர் நடுச்சாலையில் வந்தது. அதன் பின்னால் மாட்டிக்கொண்ட ஆட்டோ ஓட்டுநர் பிரவீன்ராஜ், ஓரத்தில் ட்யூட்டியில் நின்ற அடைக்கலத்தைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினார்.

“நடுவுல ஊர்வலம் போறான் பாருங்க. ஓரமா போகச் சொல்லுங்க சார்.”

முப்பத்திரண்டு வருஷம் மெதுவாகப் போகிறவர்களை ஓரத்துக்கு ஒதுக்கிய அடைக்கலம், சாலையின் நடுவே இறங்கி, ஆட்டோவுக்கு முன்னால் உள்ளங்கையை உயர்த்தினார். ஸ்கூட்டர் வீதி முனையில் திரும்பும்வரை கையை இறக்கவில்லை.