லெசிபாவின் ஒற்றை ஸ்பீக்கர்

உள் அறையில் கனமான எதையோ தரையோடு இழுக்கும் சத்தம் கேட்டது. மக்வின்யா என்ற எண்ணெய்ப் பலகாரம் சுடுவதற்காக மாவு பிசைந்துகொண்டிருந்த மொகாடி, கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

அவள் கணவர் லெசிபா, மார்பளவு உயரமுள்ள ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்து அறையின் நடுவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். அதன் ஜோடி, ஒயர் பிடுங்கப்பட்டு, சுவரைப் பார்த்தபடி மூலையில் நின்றது.

"எழுபது வயசுல இது தேவையா? முதுகு போச்சுன்னா நான் தூக்க மாட்டேன்!"

"இந்தப் பக்கமா வந்து திட்டு" என்று வலது காதைக் காட்டினார்.

கடந்த குளிர்காலத்தில் இடது காது போய்விட்டது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது அந்தப் பக்கத்து உலகமே இல்லை. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் மமெலோடியில், எங்கள் தெருவுக்கு லெசிபா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்; அவ்வளவுதான். ஜாஸ் சங்கத்துக்கோ அவர் வீடுதான் கோயில். பதினெட்டு வருடங்களாக, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, மடிப்புக் கலையாத கால்சட்டையும் இரட்டை நிறக் காலணியுமாக, இசைத்தட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆண்கள் வந்து சேர்வார்கள். தட்டு சுழலும்போது ஆளுக்கொரு வாத்தியத்தைத் தனதாக வரித்துக்கொண்டு, அதன் தனி வாசிப்புக்கு எழுந்து ஆடுவார்கள். எது நல்ல பதிவு என்று தீர்ப்புச் சொல்வது லெசிபா.

"பாடுறவ மூச்சு இழுக்கிறது கேக்கணும். பியானோக்காரன் மிதியிலேர்ந்து காலை எடுக்கிறது கேக்கணும். கேக்கலையா, தட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்பார்.

போன ஞாயிறுதான் அந்த அவமானம் நடந்தது. ஆம்பிளிஃபயரைத் துடைத்த லெசிபா ஒயர்களை இடம் மாற்றிச் செருகிவிட்டார். எல்லோருக்கும் மனப்பாடமான தட்டு அது. இடப்பக்கம் கேட்க வேண்டிய டிரம்ஸ் வலப்பக்கம் கேட்டது. லெசிபா மட்டும் கண்மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது ஒருவரும் ஆடவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், அந்தப் பார்வையைப் புரிந்துகொள்ளக் காது எதற்கு?

கதவு தட்டப்பட்டது. சங்கத் தலைவர் பிட்சோ, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடுதான் தொடங்கினார்.

"ந்தாதே லெசிபா, சுத்தி வளைக்கல. நாளையிலேர்ந்து ஞாயிறு எங்க வீட்டுல. எல்லாரும் பேசி முடிச்சாச்சு."

"எல்லாருன்னா? நான் அதுல சேத்தி இல்லையா?"

"கோவிச்சுக்காதீங்க. வாங்க, முதல் நாற்காலி உங்களுக்குத்தான். ஆனா ஸ்டீரியோவை ஒரு காதால நடத்த முடியுமா? ஒத்தைக் கண்ணுக்காரனை பஸ் ஓட்ட விடுவாங்களா?"

"அந்த பஸ்ஸுல முப்பது வருஷம் ஓசியில போன ஆளு பேசுற பேச்சைப் பாரு!" என்றாள் மொகாடி.

"சேசி, நான் உங்ககிட்ட பேசல" என்றார் பிட்சோ, அக்கா முறை வைத்து.

லெசிபாவின் கண்கள் கலங்கின. ஆனால் குரல் உடையவில்லை. அலமாரியிலிருந்து, ஓரமெல்லாம் பிளாஸ்திரி ஒட்டிய ஓர் உறையை எடுத்தார்.

"உக்காருங்க. ஒரு பக்கம் கேட்டுட்டுப் போங்க. ஸ்டீரியோ வர்றதுக்கு முந்தின தட்டு. ஒரு சர்ச் ஹால்ல, ஒரே மைக்கைச் சுத்தி அஞ்சு பேர் நின்னு வாசிச்சாங்க. அந்த மைக்குக்கு எத்தனை காது, தலைவரே?"

பிட்சோ பதில் சொல்வதற்குள் ஊசி இறங்கியது.

அறை நடுவே நின்ற அந்த ஒற்றைப் பெட்டிக்குள் ஒரு கூடமே விரிந்தது. சாக்ஸபோன்காரர் தன் முறை முடிந்து இரண்டடி பின்வாங்கினார், மரத்தரை முனகியது. பாடகி முன்னால் வந்து மூச்சிழுத்தாள். தூரத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அப்புறம் பேஸ் என்ற அந்தக் கனத்த குரல் கம்பி வாத்தியம் தனியாக எழுந்தது. சங்கத்தில் பேஸுக்கு ஆடுபவர் பிட்சோ. அவர் குதிகால் தட்டத் தொடங்கியது, விரல்கள் காற்றில் கம்பிகளைச் சுண்டின, தோள் இறங்கியது, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். மொகாடியின் பார்வையைப் பார்த்ததும் சட்டென்று உட்கார்ந்தார்.

"நல்ல தட்டுதான்" என்றார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "ஆனா முடிவு முடிவுதான்."

லெசிபா ஊசியைத் தூக்கினார்.

"சரி. உங்க வீட்டுல ரெண்டு பெட்டி பாடட்டும். நாளைக்கு ரெண்டு மணிக்கு இங்க ஒண்ணு பாடும். காது போனவன் இசையை விட்டுடுவான்னு நெனச்சீங்களா? யாரும் வரலைன்னா நானும் இவளும் ஆடுவோம்."

"பதினெட்டு வருஷமா உங்களுக்கெல்லாம் மக்வின்யா சுட்டது போதும்" என்றாள் மொகாடி, மாவுக் கையை இடுப்பில் ஊன்றி. "டிரம்ஸ் எனக்கு!"

பிட்சோ எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வாசற்படியில் இறங்கியவர் திரும்பினார்.

"ந்தாதே... அடுத்த பக்கத்துலயும் பேஸுக்குத் தனி வாசிப்பு உண்டா?"

லெசிபா நிதானமாகத் திரும்பித் தன் இடது காதை அவருக்குக் காட்டியபடி நின்றார்.

பிட்சோ வெயிலில் இறங்கி நடந்தார். மொகாடி கதவைச் சாத்தினாள்.