சித்தியின் இரண்டாம் சாப்பாடு

சித்தி என்றதும் எனக்கு முதலில் நினைவில் வருவது அவர் நீட்டிய நாக்குத்தான். நாங்கள் இருந்த இத்தாலிய நகரத்தில், வியா மக்வேதா தெருவின் பின்சந்து ஒன்றில், கடையின் பின்னறையில் வைத்தியம் பார்த்த சீனப் பெண்மணிக்கு முன்னால், நாற்பது வயதான என் சித்தி மஞ்சள் படிந்த நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து வயது. இத்தாலிய மொழி சரளமாக வரும் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போயிருந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

வைத்தியர் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார். சாப்பாடு உள்ளே தேங்கி நிற்கிறது, பழையது செரிக்குமுன் புதியது போய்ச் சேர்கிறது, புளித்த ஏப்பமும் வயிற்று ஊதலும் அதனால்தான் என்றார். காய்ந்த சிவப்புப் பழத்துண்டுகளும் வறுத்த பார்லியும் அவித்துக் குடிக்கக் கொடுத்தார். பின்னேரம் கஞ்சி மட்டும் என்றார். யார் இவரை இவ்வளவு சாப்பிட வைப்பது என்றும் கேட்டார். சித்தி மருந்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வரும் வழியில் என்னிடம் சொன்னார். நகரின் பொலிதேயாமாப் பக்கம் அவர் வேலை செய்த வீட்டு எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, சாப்பாட்டை எறிவது பாவம் என்பவர். மேசையில் மிஞ்சியதையெல்லாம் சித்தியைத் தன் கண்முன்னால் தின்று முடிக்க வைப்பார். மறுத்தால் வேலை போகும், வேலையோடு நாட்டில் இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோ அனுமதியும் போகும். எங்களோடு தங்கியிருந்த சித்தி அப்படி வயிறு முட்ட வந்தால், எங்கள் வீட்டில் அம்மா தங்கச்சிக்கென்று சோறு குழைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

"அக்காட்டைச் சொல்லிப்போடாதை, பிள்ளை. மற்றவை திண்ட மிச்சத்தைத் தின்னுறன் எண்டு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சித்தி அம்மா வைத்த சோற்றை ரகசியமாகப் பையில் கட்டி எறியத் தொடங்கினார். ஒரு ஞாயிறு காலை அம்மா அந்தப் பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டார்.

"சிஞ்ஞோரா வீட்டிலை நல்லாத் தின்னுறாய். என்ரை கைச்சோறு மட்டும் குப்பைக்கோ?"

"பசியில்லை, அக்கா."

"அங்கை மட்டும் பசிக்குதோ? அப்ப அங்கையே போய் இரு!"

சித்தி என்னைப் பார்த்தார். சொல்லு என்றுதான் அந்தப் பார்வை கெஞ்சியது. நான் குனிந்துகொண்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வடிகட்டிய பொய். அம்மாவின் கோபம் என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்தேன், அவ்வளவுதான்.

அன்றே சித்தி பெட்டியோடு போனார். அதன்பிறகு எங்கள் வீட்டில் கை நனைக்கவேயில்லை.

அம்மாவுக்கு இப்போது மறதி கூடிவிட்டது. ஆனாலும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்கிறார்: "நான் அவளுக்கு என்ன குறை வைச்சனான், பிள்ளை?"

"தெரியாது, அம்மா" என்கிறேன்.